‘டெலிட்டீரியஸ்’ என்னும் ஆங்கிலப் பெயரடை: பொருளும் தமிழாக்கமும்

ஆங்கிலத்தில் தீங்கினைச் சுட்டும் பெயரடைகள் பலவாம். அவற்றுள் ‘டெலிட்டீரியஸ்’ என்பது அன்றாடப் பேச்சில் அருகியும், சட்டம், மருத்துவம், மரபியல் ஆகிய துறைகளில் பயின்றும் வரும் சொல். அழிப்பவன் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்து, இலத்தீன் வழியே 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்தது. கணினித் திரையில் காணும் ‘டெலீட்’ என்பதனோடு இதனை உறவுபடுத்துதல் ஒலியொப்புமையால் நேரும் மயக்கமே.

2024 வரை நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 324, 326 ஆகிய பிரிவுகளில் இச்சொல்லை ஆண்டது. நஞ்சு, அரிக்கும் பொருள், வெடிபொருள் ஆகியவற்றை எண்ணிய பின்னர், மூச்சில் இழுத்தாலும் விழுங்கினாலும் குருதியில் கலந்தாலும் மனித உடலுக்கு ‘டெலிட்டீரியஸ்’ ஆகும் பொருளைத் தனியே கூறியது. 2023ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதாவும் 118ஆம் பிரிவில் இதனைக் காத்துள்ளது. எனவே ‘நச்சுத்தன்மையுள்ள’ என மொழிபெயர்ப்பது பொருந்தாது. முன்னரே எண்ணப்பட்ட நஞ்சினை அது மீண்டும் கூறுவதாகிவிடும்.

திண்டிவனம்–புதுச்சேரிச் சாலையிலுள்ள கிளியனூர் வட்டாரத்தார்க்கு இவ்வேறுபாடு ஏட்டளவினதன்று. மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதம் மெத்தனால் கலந்த சாராயம் அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். மெத்தனாலைக் கல்லீரல் முதலில் பார்மால்டிகைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. பார்வை நரம்பைச் சிதைப்பது அவ்வமிலமே. உட்சென்றபின் உடலின் இயக்கத்தினாலேயே விளையும் இத்தகைய அழிவைச் சுட்டுதற்கு ‘கேடு’ என்னும் சொல் ஏற்றது. பால் கெட்டது, உடல் கெட்டது என்னும் வழக்குகளும் உள்ளிருந்து சிதைதலையே உணர்த்துகின்றன.

கெடு என்பது கேடு எனவும், உறு என்பது ஊறு எனவும் முதனிலை திரிந்து தொழிற்பெயராகும். ஊறு என்பதற்குத் தொடுவுணர்வு என்னும் பொருளும் உண்டு. ஆதலின் அடி, வெட்டு போன்ற புறத்தாக்குதலுக்கு அது இயைபுடையது. தீங்கு என்பதோ அறத்தீமையையும் தழுவும் விரிந்த சொல். சட்ட வரையறைக்கு அவ்விரிவு தடையாகும்.

ஆங்கிலச் சொல் ‘டு’ என்னும் முன்னிடைச்சொல்லை வேண்டுவது போலத் தமிழில் நான்காம் வேற்றுமை வரும்: ‘மனித உடலுக்குக் கேடான பொருள்’. மதுக்கடைப் பலகையிலுள்ள ‘உயிருக்குக் கேடு’ என்பதும் இவ்வமைப்பினதே. உரிமம் பெற்ற மதுவிற்கும் மெத்தனாலுக்கும் ஒரே சொல் வழங்குவதால் அளவு வேறுபாடு மறைகிறது என்னும் தடை எழலாம். ஆங்கிலப் பெயரடையும் அளவினைச் சுட்டுவதில்லை; அதனை உறுதிசெய்வது மருத்துவச் சான்றின் பணி.