திரும்பி வாராத மிதவைகள்

நிலத்தில் வானிலையை ஆராய்வது எளிது. ஊர்தோறும் நிலையம் அமைக்கலாம். நாள்தோறும் ஒருவர் சென்று கருவியைப் பார்த்து வரலாம். உலகப் பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடலாயிற்றே! அங்கே என் செய்வது?

நங்கூரமிட்ட பெரிய மிதவைகளை நிறுத்துவது ஒரு வழி. ஆனால் அவற்றை அமைக்கவும் பழுது பார்க்கவும் தனிக் கப்பல் வேண்டும். செலவு மிகுதி, ஆகவே எண்ணிக்கை குறைவு. செயற்கைக்கோள் கடற்பரப்பின் வெப்பத்தை அறியும். ஆயின் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தை நேரே அளக்க அதனால் இயலாது. புயலின் வலிமையைக் காட்டுவதோ அவ்வழுத்தக் குறைவுதான்.

1978-79ஆம் ஆண்டுகளில் நடந்த உலக வானிலைச் சோதனையில், தென்கோளக் கடல்களில் 300க்கு மேற்பட்ட மிதவைகள் விடப்பட்டன. பின்னர் 1982இல், உலகத் தட்பவெப்ப ஆராய்ச்சித் திட்டத்தார் விலையும் எடையும் குறைந்த, எளிதில் கடலில் விடத்தக்க பொதுவான மிதவை ஒன்று வேண்டுமென அறிவித்தனர்.

அதன் அமைப்பு மிக எளியது. பந்து போன்ற ஒரு பிளாஸ்டிக் உருண்டை, உள்ளே மின்கலமும் செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் கருவியும், அடியில் வெப்பமானி. வெறும் உருண்டையாயின் காற்றடித்த பக்கம் ஓடிவிடும். ஆகவே துளைகளுள்ள நீண்ட துணிக்குழாயைக் கயிற்றில் கட்டி, 15 மீட்டர் ஆழத்தில் தொங்கவிடுகின்றனர். நீரோட்டம் குழாயைப் பற்றி இழுக்க, மிதவை உடன் செல்கிறது. அது செல்லும் இடங்களைக் குறித்தாலே ஓட்டத்தின் வேகமும் திசையும் தெரிந்துவிடும். அதற்கெனத் தனிக்கருவி வேண்டுவதில்லை.

சில மிதவைகளில் காற்றழுத்தமானியும் உண்டு. அலை மூடும்போது அது பொய்யுரைக்குமன்றோ? நீர் மூடினால் அளவு கூடுமேயன்றிக் குறையாது. எனவே பலமுறை அளந்து, குறைந்த அளவுகளை மட்டும் கொண்டு கணக்கிடச் செய்தனர். விலையுயர்ந்த பொறி செய்ய வேண்டியதை ஒரு சிறு கணக்கே செய்துவிட்டது.

இதனைக் கடலில் விடுவதற்கும் தனிக் கப்பல் வேண்டா. அவ்வழியே செல்லும் வாணிகக் கப்பலிலிருந்தே எறிந்துவிடலாம். சுற்றிக் கட்டிய நாடா நீரில் கரைய, குழாய் தானே விரிந்துகொள்ளும்.

5 பாகைச் சதுரத்துக்கு ஒன்றாக 1250 மிதவைகள் வேண்டுமென்பது குறிக்கோள். 2005 செப்டம்பரில், கனடாவின் ஹாலிபாக்ஸ் நகருக்கு அப்பால் அவ்வெண் நிறைவேறியது.

மலிவு என்பது தரக்குறைவன்று. எது வேண்டும், எது வேண்டா என்னும் தெளிவே மலிவாயிற்று. இம்மிதவைகளுள் பெரும்பாலானவை கரை திரும்புவதில்லை. ஆயினும் அவை அனுப்பிய செய்தி எல்லா நாட்டவர்க்கும் பொதுவாகிறது.