அடிக்கிற நேரம் கொஞ்சம், நடக்கிற நேரம் அதிகம்

கிரிக்கெட்ல பந்து நம்மளைத் தேடி வரும், யோசிக்க நேரமே இருக்காது. கோல்ஃப்ல பந்து சும்மா புல்லில் கிடக்கும். ஒரு சுற்று முடிய 4 மணி நேரம் ஆகும். ஆனா ஒரு ஷாட் அடிக்க ஓரிரு நொடிதான், மீதி பெரும்பாலும் நடை. பதற்றம் ஏறுவது அந்த நடையில்தான். பயம் வந்தா பிடி இறுகும், மூச்சு சுருங்கும், ஸ்விங் அவசரப்படும். பந்து எங்கேயோ போகும்.

அதனால் 4 மணி நேரமும் கவனத்தை இறுக்கிப் பிடிக்கக் கூடாது. நடக்கும்போது கேடியோட அரட்டை அடிக்கலாம், மரத்தை வேடிக்கை பார்க்கலாம். பந்துகிட்ட வந்ததும் எப்பவும் ஒரே வரிசை: இலக்கைப் பார், மூச்சை மெதுவா விடு, பிடியைத் தளர்த்து, அடி. பழகின வரிசை இருந்தா மனசு அலையாது.

ரோரி மெக்கில்ராயைப் பாருங்க. 2011 மாஸ்டர்ஸ் கடைசி நாளில் 4 ஸ்ட்ரோக் முன்னிலை. பார் 72 உள்ள அகஸ்டாவில் 80 அடித்துக் கோட்டைவிட்டார். 2025-ல் அதே மைதானம். 2 ஸ்ட்ரோக் முன்னிலை முதல் குழியிலேயே காலி. 18-வது குழியில் சுமார் 5 அடி தூர பட் தவறி, ஜஸ்டின் ரோஸுடன் பிளே-ஆஃப். போகும் வழியில் கேடி சொன்னது இதுதான்: திங்கட்கிழமையே இந்த நிலைமை கிடைக்கும்னு சொல்லியிருந்தா சந்தோஷமா ஏத்துக்கிட்டிருப்போம். அதே 18-வது குழியில் பேர்டி. பச்சைக் கோட் அவருக்கு!

வைவாவில் முதல் கேள்விக்கே முழிச்சீங்களா? பரவாயில்லை. ரெண்டாவது கேள்வி புது ஷாட்.