கிணற்றடியில் விளைந்த கலாநிதிப் பட்டம்

தண்ணீரைப் பற்றிப் படித்துக் கலாநிதிப் பட்டம் பெறலாமா என்று வினவும் பெற்றோர் நம்மிடையே உளர். மருத்துவம், பொறியியல் என்றால் அவர்களுக்கு விளங்கும். நீர்ப் பொருளியல் என்றால் நெற்றியைச் சுருக்குவர். அன்னோருக்காக அமெரிக்கப் பெண்மணி ஒருவரின் ஆராய்ச்சியை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

எலினோர் ஒஸ்ரம் 1933 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பிறந்தவர். பொருளியலிற் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்க விரும்பிய அவரை, கணிதப் பயிற்சி போதாதென்று சேர்க்க மறுத்துவிட்டனர். பெண்பிள்ளைக்குத் திரிகோணகணிதம் எதற்கு என்று பள்ளிப் பருவத்திற் புத்தி சொன்னவர்களால் வந்த வினை அது! அவர் அரசியல் விஞ்ஞானத் துறையிற் சேர்ந்தார். அங்கு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஆராய்வதற்கென நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று பங்கிடப்பட்டது. அவருக்குக் கிடைத்தது, கடலோரமாய் அமைந்த மேற்குப் படுகை.

அப்படுகையின் கதை யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குப் புதிதன்று. நன்னீரை அளவுமீறி இறைத்தால் கடல்நீர் நிலத்தினுள்ளே ஏறும். நகரசபைகள், தண்ணீர்க் கம்பனிகள், எண்ணெய் ஆலைகள் யாவும் ஒரே படுகையிலிருந்து இறைத்தன. கரையோரக் கிணறுகள் உவராயின. ஆபத்து எல்லாருக்கும் தெரிந்திருந்தும் ஒருவரும் நிறுத்தவில்லை. ஏன்?

ஒருவன் இன்று நூறு வாளி நீரை மிச்சம் பிடித்தால், அதனை அயலவன் இறைத்துவிடுகிறான். உவர் ஏறுவதும் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, தொடர்ந்து இறைத்து வந்தவனுக்கே உரிமை வலுக்கும் என்பது கலிபோர்னியாவின் சட்ட வழக்கு. எனவே சிக்கனக்காரனுக்கு நீரும் நட்டம், உரிமையும் நட்டம். இதற்குப் பேராசையே காரணமெனப் பிரசங்கம் செய்வது எளிது. ஆனால் விதிகள் கோணலாயிருந்தால் நல்லவர்களும் இவ்வாறுதான் நடப்பர் என்பதை எடுத்துக் காட்டுவதே இத்துறையின் பணி என்போம்.

1945 இல் வழக்குத் தொடரப்பட்டது. அடுத்த ஆண்டு நீர் இறைப்போர் சங்கம் ஒன்று தோன்றியது. நீதிமன்றம் நியமித்த நிபுணர், இறைப்பை மூன்றிலொன்றாகக் குறைக்க வேண்டுமென 1952 இல் அறிவித்தபோது யாவரும் திகைத்தனர். பேச்சுவார்த்தை நீண்டது. பிறர் குறைத்தால் நாமும் குறைப்போம் என்ற நிபந்தனையுடன் 1955 இல் இடைக்கால உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. இறுதித் தீர்ப்பு 1961 இல் கிடைத்தது. அதற்கிடையில், 1959 இல், இறைக்கும் நீருக்கு வரி விதித்துப் படுகையை மீள நிரப்பும் சபை ஒன்றை வாக்காளர் அமைத்துக்கொண்டனர். கடலோரம் வரிசையாகக் கிணறுகள் தோண்டி, அவற்றினூடாக நன்னீரை உள்ளே செலுத்திக் கடலுக்கு எதிராக நீராலேயே அணை கட்டினர்.

எலினோர் இக்கூட்டங்களுக்குச் சென்றிருந்து கேட்டார். கூட்டக் குறிப்புகளையும் நீதிமன்ற ஏடுகளையும் புரட்டினார். 1965 இற் பட்டம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளின் பின், பொதுச் சொத்தை மாந்தர் அழித்தே தீர்வர் என கரட் ஹார்டின் என்னும் அறிஞர் எழுதிப் பெரும்புகழ் பெற்றார். அதற்கு மறுமொழி போன்ற ஓர் ஆய்வு முன்னரே ஏட்டில் இருந்தது என்பதைப் பலர் அறிந்திலர்.

அன்று பொருளியல் வாயிலில் தடுக்கப்பட்டவர், 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1990 இல் வெளிவந்த அவருடைய நூலில் மேற்குப் படுகையோடு நமது கல்லோயாவும் இடம்பெற்றுள்ளது. அங்கு 1981 முதல் வாய்க்கால்தோறும் கமக்காரர் குழுக்கள் அமைந்தபோது, மேல்வாய்க்காலில் இருந்தோர் தம் பங்கில் மிச்சம் பிடித்துக் கடைக்கோடி வயல்களுக்கு நீர் விட்டனர்.