உணவுக்குழாய்ப் புற்றுநோய்: வாயில் வாழும் பாக்டீரியாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

உலு யாம், பத்தாங்காலி, கோலா சிலாங்கூர் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த குடும்பமா உங்களுடையது? அப்படியென்றால் இந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். சாப்பிட உட்கார்ந்த தாத்தா நாலு வாய் சோறு முழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்பார். "நெஞ்சுலயே நிக்குதுய்யா" என்பார். "காத்துதான், ஓமத் தண்ணி குடிங்க" என்பார் பாட்டி. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

அப்படி முடியக் கூடாது. மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின் அறிக்கைகளில், மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் உணவுக்குழாய்ப் புற்றுநோய் விகிதம் அதிகமாகப் பதிவாகியிருக்கிறது. எண்ணிக்கையில் இது மார்பகப் புற்றுநோய் அளவுக்குப் பெரியதில்லை. ஆனால் பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது என்பதுதான் சிக்கல்.

தொண்டையிலிருந்து வயிறு வரை போகும் இந்தக் குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். சாப்பாடு நிமிடக் கணக்கில்கூட அங்கே தங்குவதில்லை. அதனால் அங்கே கிருமிகளுக்கு இடமே இல்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 2009-இல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தக் குழாயின் உட்சுவரைப் பரிசோதித்தபோது, ஆரோக்கியமானவர்களிடம் ஒரு வகைக் கூட்டமும், நெஞ்செரிச்சலால் புண்ணானவர்களிடம் வேறு வகைக் கூட்டமும் இருப்பது தெரிந்தது. குழாய் காலியாக இல்லை. அங்கே ஒரு குடியிருப்பே இருக்கிறது.

அந்தக் குடியிருப்புக்கு ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? உங்கள் வாயிலிருந்துதான். ஒரு நாளில் நாம் விழுங்கும் எச்சில் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஈறில் சீழ் இருந்தால், பல் தேய்க்கும்போது ரத்தம் வந்தால், அங்கிருக்கும் கிருமிகளும் அந்த எச்சிலோடு கீழே இறங்குகின்றன.

அவற்றில் ஒன்றின் பெயர் போர்ஃபைரோமோனாஸ் ஜின்ஜிவாலிஸ். (பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், பல் டாக்டருக்குத் தெரிந்தால் போதும்.) ஈறு நோய்க்கு முக்கியக் காரணமான கிருமி இது. 2016-இல் சீனாவின் ஹெனான் மாநில ஆய்வாளர்கள் 100 நோயாளிகளின் உணவுக்குழாய்த் திசுக்களைப் பார்த்தார்கள். புற்றுநோய்த் திசுக்களில் 61 விழுக்காட்டில் இது இருந்தது. பக்கத்துத் திசுவில் 12 விழுக்காடு. ஆரோக்கியமான திசுவில் தென்படவே இல்லை. அதே ஆண்டு ஜப்பானின் குமாமோட்டோவில் 325 கட்டிகளை ஆராய்ந்தவர்கள், வாயில் வாழும் இன்னொரு கிருமியான ஃபுசோபாக்டீரியம் இருந்த நோயாளிகள் சீக்கிரம் இறந்ததைக் கண்டார்கள்.

அப்படியென்றால் கிருமிதான் புற்றுநோயைக் கொண்டுவந்ததா?

இங்கே அவசரப்படாதீர்கள். கட்டி வந்த பிறகு, அது வசதியான இடம் என்று கிருமி போய்க் குடியேறியிருக்கலாம். இதைப் பிரித்தறிய, நோய் வருவதற்கு முன்பே வாய் கொப்பளித்த நீரைச் சேகரித்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 122,000 பேரைப் பின்தொடர்ந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அப்படிச் சேகரித்திருந்தார்கள். பிற்பாடு உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்த 106 பேரின் மாதிரிகளை எடுத்து 2017-இல் ஒப்பிட்டபோது, டானெரெல்லா என்ற ஈறுக் கிருமி இருந்தவர்களுக்கு ஒரு வகைப் புற்றுநோயின் ஆபத்து 21 விழுக்காடு அதிகமாக இருந்தது. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, குற்றத்தை நிரூபிக்கவில்லை. 106 பேர் என்பதும் சின்ன எண்ணிக்கைதான்.

"வயித்துல கிருமி" என்று டாக்டர் சொன்னாரே, அது வேறா? ஆமாம், வேறு. அது ஹெலிகோபாக்டர் பைலோரி. வயிற்றுப் புண்ணுக்கும் வயிற்றுப் புற்றுநோய்க்கும் காரணமானது. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இது அதிகம் என்று மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோ கியான் லீயும் அவரது குழுவினரும் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் வயிற்றுப் புற்றுநோய் சீனர்களிடம்தான் அதிகம். ஒரே கிருமி, இரண்டு இனங்களிலும் பரவலாக இருந்தும் விளைவு வேறு! கிருமி தனியாக எதையும் செய்வதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே இருக்கும் ஆதாரம் இது.

உணவுக்குழாயிலும் அதே கதைதான். கிருமிக்குக் கூட்டாளிகள் தேவை. தோட்டத்தில் அந்தக் கூட்டாளிகளுக்குப் பஞ்சமில்லை: பாட்டியின் வெத்தலைப் பெட்டி, தாத்தாவின் சம்சு, சுருட்டு. சாராயம் உடலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறுகிறது. அந்த வேலையில் ஒரு பகுதியை வாயில் இருக்கும் பாக்டீரியாவே செய்யத் தொடங்கிவிடும், சுத்தமில்லாத வாயில் இன்னும் அதிகமாக. பாக்கு? "புகையிலை சேக்கல, வெறும் வெத்தலைதான்" என்று பாட்டி சமாளிப்பார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்க்காத வெத்தலை பாக்கையும் 2004-இலேயே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று அறிவித்துவிட்டது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் தேநீரும் உணவுக்குழாய்க்கு ஆகாது என்று 2016-இல் சொன்னது. ஆறவைத்துக் குடிப்பதற்குத்தானே நம்மவர்கள் தே தாரிக்கை இழுத்து ஆற்றுகிறார்கள்!

இதைப் படித்துவிட்டுப் பார்மசியில் விலை உயர்ந்த புரோபயாட்டிக் வாங்க ஓடாதீர்கள். அது இந்தப் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அந்தப் பணத்தில் ஈறைச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

தாத்தா விஷயத்துக்கு வருவோம். முதலில் சோறும் ரொட்டியும் சிக்கும், பிறகு கஞ்சி, பிறகு தண்ணீர். இந்த வரிசையில் போனால், கூடவே உடல் எடை குறைந்தால், குரல் கம்மினால், ஓமத் தண்ணி போதாது. கிளினிக் கெசிஹாத்தானுக்குக் கூட்டிப்போங்கள், பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். அவர் "ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் கேஸு" என்றுதான் ஆரம்பிப்பார். நீங்கள் குறுக்கே புகுந்து சொல்லுங்கள்: எத்தனை வாரமாக, எந்தச் சாப்பாடு, எத்தனை கிலோ குறைந்தது, எத்தனை வருசமாக வெத்தலை. எண்டோஸ்கோபிக்கு அனுப்ப வேண்டுமா என்பதை டாக்டர் முடிவு செய்ய அந்த நாலு பதில்களும் உதவும்.