உடன் தங்கும் உறவும் சிகிச்சையே

சாகுபுரம் ஆலையை ஒட்டி வாழ்கிறவர்களாயினும், ஆறுமுகநேரி உப்பளங்களில் வெயிலில் காய்கிறவர்களாயினும், வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால் வைத்தியரிடம் போவதற்கு முன்பே ஏர்வாடி தர்காவை நினைப்பது மன்னார் வளைகுடாக் கரையில் நெடுநாள் வழக்கம். அந்த ஏர்வாடியில்தான், 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். அவர்களை அங்கே விட்டுச் சென்ற பந்துக்களை ஏசுவது சுலபம்; ஆனால் குடும்பத்தையும் உடன் தங்கவைத்து, வியாதியின் தன்மையை அதற்குப் போதித்து அனுப்பும் வைத்தியசாலை அவர்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததா என்று கேட்டவர்கள் சிலரே.

அத்தகைய முறை நம் தேசத்தில் இல்லாததன்று. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனைக்குத் தலைவராயிருந்த டாக்டர் வித்யாசாகர், உறவினர்களை மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரம் அடித்து நோயாளிகளோடு தங்கச் செய்தார். வேலூர் பாகாயத்தில் 1957இல் தோன்றிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மனநல மையமும் குடும்பத்தார் உடனிருப்பதையே சிகிச்சையின் ஆதாரமாகக் கொண்டது.

இதன் பிரயோஜனம் என்ன? வைத்தியர் நோயாளியைக் காண்பது சில நிமிஷங்கள். நோயாளி இரவில் உறங்கினாரா, மாத்திரையை விழுங்கினாரா, துப்பினாரா, மருந்தினால் கை நடுங்குகிறதா என்பதெல்லாம் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ தெரியும். அவர்கள் சொல்வதைச் செவிமடுத்தால் மருந்தின் அளவு திருந்துகிறது. இது பில்லிசூனியமன்று, வியாதியே என்று அவர்கள் அறிந்துகொண்டால், வீடு திரும்பிய பின் மறுபடி தலைகாட்டும் அறிகுறிகளை முதலிலேயே கண்டுகொள்கிறார்கள்.

எல்லாக் குடும்பங்களும் அன்பே உருவானவை என்று நான் சொல்ல வரவில்லை. சில வீடுகளே நோய்க்கு உரமாவதும் உண்டு. அதனாலேயே 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்காகப் பேசும் பிரதிநிதியை நோயாளியே நியமித்துக்கொள்ளும் உரிமையை அளித்தது.

ஆயினும், உடன் தங்குகிறவருக்கு அன்றாடக் கூலி போய்விடுகிறதே! உப்பளத் தொழிலாளி ஒருவர் இரண்டு வாரம் வார்டில் இருந்தால் அடுப்பு எரியாது. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதலான பொது மருத்துவமனைகளில் துணையிருப்போருக்குப் படுக்க இடமும், உணவும், இழந்த கூலிக்கு ஓரளவு ஈடும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.