வெளிச்சமே மின்சாரம், வெளிச்சமே சேதி

கம்பியில்லாமல் பேச்சை முதலில் சுமந்து சென்றது வானொலி அலை அல்ல, சூரிய ஒளி. 1880இல் வாஷிங்டனில் ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையிலிருந்து 213 மீட்டர் தூரத்துக்கு அலெக்சாண்டர் கிரகாம் பெல்லும் அவருடைய உதவியாளர் டெயின்டரும் குரலை ஒளியில் அனுப்பிக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கருவியில் குரலைக் கேட்க பேட்டரி தேவைப்பட்டது.

அந்த பேட்டரியையும் விலக்க முடியுமா என்பதுதான் இன்றைய ஆராய்ச்சி. ஒளி வழியே தகவல் அனுப்பும் முறைக்கு ‘லைஃபை’ என்ற பெயரை 2011இல் பிரபலமாக்கியவரும் அப்போது எடின்பரோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவருமான ஹரால்ட் ஹாஸ், 2015இல் சாதாரண சோலார் பேனலையே ஒளிச்சேதி வாங்கும் கருவியாக்கிக் காட்டினார்.

இதன் சூட்சுமம் எளிமையானது. அதனாலேயே எனக்கு மிகவும் பிடித்தது. எல்இடி விளக்கின் வெளிச்சத்தைக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் கூட்டிக் குறைத்தால் அதுவே சேதி. பேனலில் அது படும்போது சீரான மின்னோட்டமும் அதன்மேல் ஒரு துடிப்பும் சேர்ந்தே பிறக்கின்றன. பேனலுடன் இணைத்த கம்பிச்சுருள் சீரான பகுதியை மட்டும் கடக்க விட்டு, துடிப்பைத் தடுக்கும். மின்தேக்கி துடிப்பைக் கடக்க விட்டு, சீரானதைத் தடுக்கும். முதல் பாதையில் மின்சாரம், இரண்டாவதில் தகவல். வழக்கமான ஒளியுணரிகளுக்கு வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுப்பார்கள். இதற்கு அது வேண்டாம்.

சிக்கல் பேனலின் அகலத்தில் இருக்கிறது. பரப்பு கூடக்கூட மின்சாரம் கூடும்; உள்ளே தேங்கும் மின்னூட்டமும் கூடுவதால் துடிப்பு மந்தமாகும். தகவலைப் பல அலைவரிசைகளாகப் பிரித்து அனுப்பித்தான் ஹாஸ் குழுவினர் நொடிக்கு சுமார் 12 மெகாபிட்டை எட்டினார்கள். பிறகு 2021இல் நான்கு கரிமச் சூரியக் கலங்களை வைத்து 363 மெகாபிட்டும், கூடவே சுமார் 11 மில்லிவாட் மின்சாரமும் கிடைத்தன.

வேகப் போட்டியைவிட அந்த மில்லிவாட்டுகளே எனக்கு முக்கியமாகப் படுகின்றன. அறையின் வெப்பத்தையோ ஈரப்பதத்தையோ அளக்கும் சிறு உணரிக்கு வேகம் தேவையில்லை. பேட்டரி மாற்ற ஆள் வராமல் ஆண்டுக்கணக்கில் இயங்கினால் போதும். குப்பையில் சேரும் பேட்டரிகளும் குறையும்.

பதில் அனுப்புவதுதான் இன்னும் கடினம். சொந்தமாக விளக்கு எரித்தால் சேர்த்த மின்சாரம் தீர்ந்துவிடும். அதனால், வந்த ஒளியையே வந்த திசைக்குத் திருப்பி, திரவப் படிகத் திரையால் மறைத்தும் திறந்தும் பதிலை எழுதும் பேட்டரியில்லாக் கருவிகளை ஆய்வாளர்கள் செய்து பார்த்திருக்கிறார்கள். வேகம் மிகக் குறைவு. ஒரு வெப்பநிலை அளவைச் சொல்ல அது தாராளம்.