டேப் சுற்றிய இணைப்புகள்

ஓடிக்கொண்டிருந்த கார் தீப்பற்றி எரிந்தது, மின்கசிவே காரணம் என்று முதற்கட்ட விசாரணையில் தெரியவந்தது என முடியும் செய்திகளை நாம் அவ்வப்போது படிக்கிறோம். அந்தச் செய்திக்கு மறுநாள் தொடர்ச்சி இருப்பதில்லை. எந்த ஒயர், யார் பொருத்தியது, எப்போது பொருத்தியது என்று எவரும் கேட்பதில்லை. கசிவு என்ற சொல்லே சற்றுப் பிழையானது. காப்புறை இழந்த ஒயர் காரின் இரும்பு உடலைத் தொட்டு மின்சுற்று குறுகிவிடுவதையும், தாங்கும் அளவுக்கு மேல் மின்னோட்டம் பாய்ந்து ஒயரே சூடேறுவதையும் அந்த ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுகிறோம். தேய்மானம், எரிபொருள் ஒழுகல், எலி கடித்த ஒயர் எனக் காரணங்கள் பல இருக்கலாம். கார் வாங்கிய பின் நாமே வெட்டி ஒட்டவைத்த இணைப்பும் அவற்றுள் ஒன்று. முழுக்க நம் கையில் இருப்பது அது மட்டுமே.

நாம் ஏன் வெட்டுகிறோம்? இந்தக் கேள்வியைப் பொருளாதாரத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம். ஒரே பெயர், ஒரே என்ஜின், ஒரே உடல் கொண்ட காரைப் பல வேரியன்டுகளாக நிறுவனங்கள் விற்கின்றன. அடிமட்ட வேரியன்டுக்கும் உச்ச வேரியன்டுக்கும் இடையே விலை லட்சக்கணக்கில் வேறுபடுகிறது. தொடுதிரை, பின்புறக் கேமரா, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் ஆகியவற்றின் உற்பத்திச் செலவு மட்டுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் அன்று. பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளாதார அறிஞருமான ஜூல் துபுயி 1849-இலேயே இதைக் கண்டு சொன்னார். அக்காலத்து ரயில்களின் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளுக்குக் கூரை இல்லாதது ஏழைகளை வருத்துவதற்காக அல்ல, இரண்டாம் வகுப்புக் கட்டணம் தரக்கூடியவர் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடாமல் தடுப்பதற்காக என்பது அவர் விளக்கம். 1996-இல் டெனெக்கரே, மெக்கஃபி என்னும் இரு பொருளாதார அறிஞர்கள், நல்ல பொருளையே சற்றுக் குறைத்து மலிவுப் பதிப்பாக விற்கும் இவ்வழக்கத்தைச் 'சேதப்படுத்திய பொருள்கள்' என்ற தலைப்பில் ஆராய்ந்தனர்.

கார் நிறுவனங்கள் பல மாடல்களில், ஒவ்வொரு வேரியன்டுக்கும் தனித்தனி ஒயரிங் செய்வதைவிட, பொதுவான ஒயரிங்கையே எல்லாவற்றிலும் ஓட்டிவிடுவது சிக்கனம் எனக் கருதுகின்றன. அதனால் கீழ்நிலைக் காரின் கதவுக்குள்ளோ ஸ்டீயரிங்குக்குப் பின்னாலோ கப்ளர் காத்திருக்கும், அதில் செருக வேண்டிய கருவிதான் இருக்காது. இதை அறிந்த வாடிக்கையாளருக்குத் தான் ஏமாற்றப்பட்டதாகத் தோன்றுவது இயல்பு. கூரை இல்லாத பெட்டிக்குத் தானே கூரை போட்டுக்கொள்ளப் புறப்படுகிறார். சென்னையில் என்றால் ஜெனரல் பீட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போகிறார். இளைஞர் எனில் இணையத்தில் ஒரு பெட்டியை வரவழைத்து, ஞாயிற்றுக்கிழமை ஸ்க்ரூடிரைவருடன் உட்கார்ந்துவிடுகிறார். இந்த ஆசையில் நான் பிழை காணவில்லை. நானும் அதைச் செய்தவன்தான்.

பணி ஓய்வுக்குப் பின் வாங்கிய கீழ்நிலை வேரியன்டில் பாட்டுப்பெட்டி, கேமரா, முன்கதவுகளுக்குப் பவர் விண்டோ ஆகியவற்றை ஒரு கடையில் பொருத்திக்கொண்டேன். இரண்டரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சில வாரங்களில் ஃபியூஸ் அடிக்கடி போனது. முறையிட்டபோது, "பெரிய ஃபியூஸா போட்டாச்சு சார், இனிமே போகாது" என்றார் கடைக்காரர். உண்மையிலேயே போகவில்லை. ஐந்து மாதம் கழித்துத் திண்டிவனத்தைத் தாண்டும்போது ரப்பர் கருகும் வாடை வந்தது. பின்னிருக்கையில் மனைவியும் பேத்தியும் இருந்தனர். ஓரங்கட்டி எல்லோரும் இறங்கி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றும் வரை கை நடுங்கியது. பிறகு வேறொரு எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டின் அடிப்பலகையைக் கழற்றிக் காட்டினார். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்று, வெயிலில் பசை இளகி, டேப் நழுவி வெறுமையாகத் தொங்கியது. பக்கத்தில் ஒயரின் உறை நீளவாக்கில் உருகியிருந்தது. சிவப்பு நிறப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் பச்சை நிற முப்பது ஆம்பியர் ஃபியூஸ் இருந்தது. தகவல் சமமின்மை பற்றி முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்த நான், அந்தப் பச்சை ஃபியூஸுக்காகக் கடைக்காரருக்கு நன்றி சொல்லியிருந்தேன்.

இங்கே நம்மில் பலருக்கு உள்ள ஒரு தவறான எண்ணத்தைத் திருத்தியாக வேண்டும். ஃபியூஸ் கருவியைக் காப்பதற்கு என்று நாம் நினைக்கிறோம். அதன் முதல் வேலை ஒயரைக் காப்பது. பத்து ஆம்பியர் தாங்கும் ஒயருக்குப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால், அளவு மீறும்போது ஃபியூஸ் உருகி மின்னோட்டத்தை நிறுத்திவிடும். அதே ஒயருக்கு முப்பது ஆம்பியர் ஃபியூஸ் வைத்தால் ஃபியூஸுக்கு முன் ஒயர் உருகும். பாட்டுப்பெட்டிக்கான இணைப்பிலிருந்து ஜன்னல் மோட்டாருக்கும் மின்சாரம் எடுத்ததால்தான் என் காரில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. அது கொடுத்த எச்சரிக்கையைக் குறை என்று எண்ணி வாயடைத்துவிட்டோம்.

பன்னிரண்டு வோல்ட்தானே, தொட்டால்கூட ஷாக் அடிக்காதே என்பது அடுத்த எண்ணம். ஷாக் அடிக்காது என்பது சரிதான். ஆனால் வோல்ட் குறைந்தால் அதே வேலைக்கு ஆம்பியர் கூட வேண்டும். வீட்டில் 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 230 வோல்ட்டில் நாலே கால் ஆம்பியர் அளவில்தான் இழுக்கிறது. அதே 1,000 வாட்டைக் காரின் 12 வோல்ட்டில் பெற 83 ஆம்பியர் வேண்டும். ஆம்ப்ளிஃபையர் ஒன்று மெய்யாகவே 500 வாட் இழுத்தால் நாற்பது ஆம்பியருக்கு மேல் போகும். ஒயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகிறது. குறுக்குச்சுற்று ஏற்பட்டால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் தள்ளக்கூடியது. இதற்குச் சந்தையில் விற்கும் மலிவு ஒயர்களில் சில செம்பே அல்ல, செம்பு முலாம் பூசிய அலுமினியம். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பில் ஏறக்குறைய அறுபது சதவீதம்தான். உறை தடிமனாக இருப்பதால் பார்வைக்குப் பருத்த ஒயராகத் தெரியும்.

இந்தத் தொழிலின் அடிப்படைச் சிக்கல் இதுவே. 1973-இல் டார்பி, கார்னி ஆகிய இருவர் பொருள்களை வகைப்படுத்தியபோது, பயன்படுத்திய பிறகும் தரத்தை எளிதில் அறிய முடியாதவற்றை 'நம்பிக்கைச் சரக்கு' என்று தனியே பிரித்தார்கள். மாம்பழத்தைத் தின்றால் இனிப்பு தெரிந்துவிடும். டேஷ்போர்டுக்குள் புதைந்த இணைப்பு நல்லதா என்பது, பாட்டு ஒலிக்கிறது என்பதால் தெரியாது. கப்ளர் வைத்து ஒழுங்காகச் செய்த வேலையிலும் பாட்டு ஒலிக்கிறது, முறுக்கி டேப் சுற்றியதிலும் அதே பாட்டுத்தான் ஒலிக்கிறது. ஆகவே வாடிக்கையாளர் விலையை மட்டும் ஒப்பிடுகிறார். கருவியைச் செருகக் கூடிய கப்ளர் ஒயருக்குச் சில நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்கும் கடைக்காரர் பேராசைக்காரராகத் தெரிகிறார். நல்ல வேலை செய்பவர் நட்டப்பட்டு விலகுவதும், மட்டமான வேலை நிலைபெறுவதும் இத்தகைய சந்தையின் இயல்பு. குற்றவாளி என்று தனி ஒருவரைச் சுட்டிவிட முடியாது.

தாமே செய்துகொள்பவருக்கு இந்தச் சிக்கல் பாதி இல்லை. தன் இணைப்பைத் தானே ஏமாற்றிக்கொள்ளக் காரணம் கிடையாது. அவருக்குக் குறைவது வரைபடம். அம்பாசிடர் காலத்தில் ஒயரைக் கண்ணால் பின்தொடர்ந்தே எங்கிருந்து எங்கே போகிறது என்று மெக்கானிக் கண்டுபிடித்துவிடுவார். இன்றைய காரில் கதவு, மீட்டர், விளக்கு ஆகியவை போஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் என்னும் முறையில் இரண்டு முறுக்கிய ஒயர்கள் வழியே ஒன்றோடொன்று செய்தி பேசிக்கொள்கின்றன. மின்சாரம் வருகிறதே என்று அவற்றில் ஒன்றைத் தட்டி இணைத்தால் தொடர்பில்லாத ஏதோவொன்று செயலிழக்கும். டேஷ் கேமராவை எப்போதும் மின்சாரம் வரும் இணைப்பில் பொருத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்களும் உண்டு. அது 100 மில்லி ஆம்பியர் இழுத்தால் நாளொன்றுக்கு 2.4 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரே வாரத்தில் பாதி தீர்ந்திருக்கும்.

காற்றுப்பை இருக்கும் இடங்கள் தனி. பல கார்களில் மஞ்சள் உறையோ மஞ்சள் கப்ளரோ கொண்ட ஒயர்கள் காற்றுப்பைக்கு உரியவை. அதில் டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்ப்பதுகூடப் பையை வெடிக்கவைத்துவிடலாம். முன்கண்ணாடி ஓரத் தூணில் திரைக் காற்றுப்பை உள்ள காரில், கேமரா ஒயரைப் பைக்கு முன்னால் ஓட்டினால் பை விரியும் வழி மறிக்கப்படுகிறது. ஸ்டீயரிங்கில் கை வைப்பதைப் பொழுதுபோக்காகக் கொள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. இதைவிட வருந்தத்தக்கது, இருக்கைப் பட்டையின் எச்சரிக்கை ஒலியை அடக்கச் செருகும் கிளிப். 2023-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டபோது இணைய விற்பனைத் தளங்களிலிருந்து நீக்கப்பட்ட அத்தகைய விளம்பரப் பக்கங்கள் 13,118. இதை வாங்கியவர்கள் படிக்காதவர்கள் அல்லர்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உரிமையாளருக்கு விதிக்கலாம். பாட்டுப்பெட்டி மாற்றுவது இதில் அகப்படாது. சிக்கல் வாரன்டியிலும் காப்பீட்டிலும் வருகிறது. ஒயர் வெட்டப்பட்டிருப்பதைக் கண்டதும் மின்சாரம் தொடர்பான எல்லாக் கோரிக்கைகளையும் சர்வீஸ் நிலையங்கள் மறுத்துவிடுவது வாடிக்கையாளர்கள் சொல்லும் பொதுவான குறை. காப்பீட்டிலோ, பின்னர் பொருத்திய மின்னணுச் சாதனங்களுக்கென்றே கூடுதல் பிரீமியம் செலுத்தும் ஏற்பாடு இருக்கிறது. பழைய கட்டண விதிகளில் அது சாதன மதிப்பில் 4 சதவீதம். இருபதாயிரம் ரூபாய்க்குச் சாதனம் பொருத்தியவர் எண்ணூறு ரூபாய் கட்டி அதைப் பாலிசியில் சேர்க்கலாம் என்பதை முகவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை.

அமெரிக்காவில் 1975 முதல் நடைமுறையில் உள்ள வாரன்டிச் சட்டத்தின்படி, வெளிச்சந்தைப் பாகம் பொருத்தினார் என்ற ஒன்றை மட்டும் காட்டி வாரன்டியை மறுக்க இயலாது. அந்தப் பாகம்தான் கேட்டை உண்டாக்கியது என்று தெரிய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2007-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை வழியாக, ஒயரிங் வரைபடம் உள்ளிட்ட பழுதுபார்ப்புத் தகவல்களைத் தனிப்பட்ட பணிமனைகளுக்கும் தர வேண்டும் என்று கார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. நம் நாட்டிலும் 2022-இல் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்தபோது வாகனத் துறையை அதில் சேர்த்தது. அடுத்த படியாக வரைபடங்கள் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும். உச்ச வேரியன்டுக்குச் செல்லும் கப்ளர்களைத் தனியே விற்க நிறுவனங்கள் முன்வர வேண்டும். வேரியன்டு விலையில் தங்களுக்கு வரும் இலாபம் குறையும் என்று அவை தயங்கும். ஆனால் வாடிக்கையாளர் இப்போதும் வெளியில்தான் போகிறார், கத்தியோடு போகிறார் என்பதுதான் வேறுபாடு. பொருத்தும் இளைஞர்களுக்கு ஐ.டி.ஐ.களில் குறுகிய காலப் பயிற்சியும் சான்றிதழும் தந்தால், தரத்தை வெளியிலிருந்து அறிய ஓர் அடையாளமாவது கிடைக்கும்.

அதுவரை வாடிக்கையாளர் கேட்கக்கூடியவை சிலவே. ஒயரை வெட்டாமல் கப்ளர் வழியே பொருத்த முடியுமா? அதிக மின்சாரம் இழுக்கும் சாதனத்துக்குப் பேட்டரியிலிருந்து தனி ஒயரும், பேட்டரிக்கு மிக அருகிலேயே தனி ஃபியூஸும் வருமா? பழைய ஃபியூஸ்களின் அளவு மாறாமல் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு விடை காண ஃபியூஸ்களையும் ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறப் படத்தையும் ஒப்பிட்டாலே போதும், நிறமே சொல்லிவிடும்.

என் காரைச் சரிசெய்த எலக்ட்ரீஷியன் உருகிய ஒயரை அகற்றி, ஜன்னல்களுக்கு ரிலேயுடன் தனி இணைப்புக் கொடுத்தார். முதல் கடையில் கொடுத்ததைவிடக் கூலி அதிகம், நேரமும் ஒரு முழுப் பகல். போகும்போது ஒரு துண்டுக் காகிதத்தில் எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது, எத்தனை ஆம்பியர் என்று எழுதி, ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒட்டினார். நாளைக்கு வேறு யாராவது கழற்றினால் அவருக்குத் தெரிய வேண்டும் என்றார். கையெழுத்துக் கோணல்தான். மூன்று ஆண்டுகளாக அந்தக் காகிதம் அங்கேயே இருக்கிறது.